சுவர் எடுத்த இடத்தில் மேடு, ஜன்னல் பக்கம் பள்ளம்: லேமினேட் போட சிமென்ட் தரையை எப்படிச் சரிசெய்வது?

மடிப்பாக்கம்காரன் எழுதியது:

வணக்கம். சென்னை மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு. கட்டி இருபத்தைந்து வருடம் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை, அதை ஒட்டி எட்டுக்குப் பன்னிரண்டில் ஒரு சாமான் அறை. நடுவில் இருந்த சுவரைப் போன வருடம் எடுத்து ஒரே அறையாக்கிவிட்டோம். மேலே பீம் இருக்கிறது, இன்ஜினியர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் இடித்தோம், அதனால் அந்தக் கேள்வி வேண்டாம்.

இப்போது மொத்த அறைக்கும் 8 மி.மீ. லேமினேட் (மரம் மாதிரித் தெரியும் தரைப் பலகை) போட ஆசை. தரை பழைய சிமென்ட் தரை, சிமென்ட் பால் விட்டு வழுவழுப்பாகத் தேய்த்தது. பிரச்சினைகள் இவை. சுவர் இருந்த கோட்டில் முக்கால் அடி அகலத்துக்கு ஒரு மேடு, உயரமான இடத்தில் 7 மி.மீ. சாமான் அறைத் தரை படுக்கையறையை விட 6 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. ஜன்னல் பக்கம் நாலுக்கு ஐந்து அடியில் ஒரு பள்ளம், ஆழம் 9 மி.மீ. இது போதாதென்று ரசமட்டம் வைத்தால் மொத்தத் தரையும் வாசல் பக்கமாக அரை இஞ்ச் சரிகிறது.

கடைக்காரர் செல்ஃப் லெவலிங் காம்பவுண்டை (தானாகப் பரவி மட்டமாகும் கலவை) மொத்தமாக ஊற்றச் சொல்கிறார். எங்கள் மேஸ்திரி, சிமென்ட் பால் விட்டு இழுத்தால் போதும் என்கிறார். லேமினேட் போட வருகிறவரோ, பலகைக்கு அடியில் விரிக்கும் ஃபோமைப் பள்ளத்தில் இரண்டு மடிப்பாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

மரத்தரை_மதுரை:

மூன்று பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம் சார்.

ஃபோம் யோசனையை முதலில் தூக்கிப் போடுங்கள். லேமினேட் பலகைகள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டித்தான் நிற்கின்றன, தரையில் ஒட்டுவது இல்லை. அடியில் மெத்தென்று இருந்தால் மிதிக்கும்போதெல்லாம் அந்தக் கொக்கி அசையும். முதலில் சத்தம் வரும், அப்புறம் இணைப்பில் இடைவெளி விழும், கடைசியில் கொக்கியே உடையும். 2 மி.மீ. ஃபோம் ஒரே அடுக்கு, அதோடு சரி.

பெரும்பாலான பலகைப் பெட்டிகளில் போட்டிருக்கும் அளவு 2 மீட்டருக்கு 3 மி.மீ. அதாவது 2 மீட்டர் நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டத்தைத் தரையில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அடியில் 3 மி.மீ.க்கு மேல் சந்து தெரியக் கூடாது. அளக்க ஏதும் இல்லையென்றால் ஏடிஎம் கார்டு நாலை அடுக்கிச் சந்தில் நுழைத்துப் பாருங்கள். நாலும் தாராளமாகப் போனால் அந்த இடத்தில் வேலை இருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போட்டு, உள்ளே ஆழத்தை எழுதிவிடுங்கள். அறை முழுக்க இப்படிச் செய்த பிறகுதான் பொருள் வாங்க வேண்டும்.

அந்த அரை இஞ்ச் சரிவு இருக்கிறதே, அதைத் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் அறையைக் கழுவி விட்டால் தண்ணீர் வெளியே போகட்டும் என்று வைத்த வாட்டம் அது. ஒரே சீராகச் சரிந்தால் லேமினேட்டுக்கு ஒன்றும் ஆகாது. மேடு பள்ளம்தான் அதற்கு ஆகாது.

மடிப்பாக்கம்காரன்:

அப்படியானால் மொத்தமாக ஊற்றினால் என்ன தப்பு? ஒரே வேலையாக முடியுமே?

மரத்தரை_மதுரை:

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. கனத்துக்கு, ஏறக்குறைய 1.7 கிலோ பவுடர் வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், மூட்டையில் போட்டிருப்பார்கள். உங்கள் அறை 216 சதுர அடி, அதாவது 20 சதுர மீட்டர். அந்தக் கலவை தண்ணீர் மாதிரி ஓடிப் படுத்துக்கொள்ளும். உங்கள் வாட்டத்தையும் அது விடாது, தாழ்ந்த பக்கத்தில் அரை இஞ்ச் நிரம்பிய பிறகுதான் நிற்கும். வாட்டத்துக்கு மட்டும் சராசரி 6 மி.மீ. என்றால் 200 கிலோ. 25 கிலோ மூட்டையில் எட்டு. பள்ளம், சாமான் அறை எல்லாம் அதற்கு மேல். அதோடு வாசலில் அரை இஞ்ச் ஏறிவிடும், ஹாலிலிருந்து உள்ளே வரும்போது கால் இடறும். கடைக்காரருக்கு மட்டும்தான் லாபம்.

கரணை:

தம்பி, நான் சேலம் பக்கம் கொத்து வேலை. லேமினேட் பற்றி அவர் சொன்னது சரி. நான் அந்தச் சுவர்க் கோட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

சுவரை இடித்தவர்கள் தரை மட்டத்துக்குக் கீழே எவ்வளவு எடுத்தார்கள்? பல இடங்களில் தரையோடு செங்கலை உடைத்துவிட்டு, மேலே கலவையைப் பூசி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அடியில் செங்கல் தலை அப்படியே இருக்கும். உங்கள் மேடு அந்தப் பூச்சாகத்தான் இருக்கும். சுத்தியல் காம்பால் தட்டிப் பாருங்கள். டொக்கு டொக்கென்று காலிச் சத்தம் கேட்டால் கிரைண்டர் போடாதீர்கள். தேய்த்து மட்டம் பண்ணினாலும் ஒரு நாள் பெயர்ந்து வரும், அதற்குள் மேலே பலகை போட்டிருப்பீர்கள்.

இன்னொன்று. அந்தச் செங்கல் அஸ்திவாரம் வரை இறங்கியிருக்கும். மண்ணிலுள்ள ஈரத்தைச் செங்கல் உறிஞ்சி மேலே கொண்டுவரும். அறையிலேயே ஈரமான இடம் அந்தக் கோடாகத்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட் பால் விடுவதைப் பற்றி உங்கள் மேஸ்திரியிடம் நானே பேசலாம் போலிருக்கிறது! வழுவழுத் தரையில் வெறும் சிமென்ட் மெல்லிசாகப் பிடிக்காது. காய்ந்ததும் மயிரிழை மாதிரி வெடித்து, அப்பளமாகக் கிளம்பும். சாதாரண மணல் சிமென்ட் கலவைக்கும் அரை இஞ்சாவது கனம் வேண்டும். அதற்குக் குறைந்தால் கடையில் விற்கும் பாலிமர் கலந்த காம்பவுண்டுதான்.

சந்தேகப்_பிராணி:

மடிப்பாக்கம், தரைத்தளம், லேமினேட். மூன்றையும் ஒரே வரியில் படிக்கும்போதே பயமாக இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி. 2015 டிசம்பரில், 2023 மிக்ஜாம் புயலில், உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? வந்திருந்தால் பேசாமல் டைல்ஸ் ஒட்டுங்கள். லேமினேட் பலகையின் நடுப்பகுதி மரத்தூளை அழுத்திச் செய்தது. ஒரு தடவை ஊறினால் ஓரம் உப்பிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. மர டிசைனிலேயே டைல்ஸ் கிடைக்கிறதே?

மடிப்பாக்கம்காரன்:

இரண்டு தடவையும் வாசற்படி வரை வந்தது, உள்ளே வரவில்லை. வீடு தெருவை விட உயரம். அம்மாவுக்கு முழங்கால் வலி, டைல்ஸ் தரை காலில் சில்லென்று இருக்கிறது என்கிறார், அவருக்காகத்தான் இது. டைல்ஸ் யோசனையை மறுக்கவில்லை, முதலில் ஈரத்தைப் பார்த்துவிடுகிறேன். எப்படிப் பார்ப்பது?

சைட்_இன்ஜினியர்:

கனமான பாலிதீன் ஷீட்டை ஒன்றரை அடி சதுரமாக வெட்டி, தரையில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாளைக்கு மேல் விடுங்கள். எடுக்கும்போது ஷீட்டின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, தரை அந்தச் சதுரத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ அடியிலிருந்து ஈரம் வருகிறது. ஒரு இடத்தில் மட்டும் ஒட்டாதீர்கள். இரண்டு அறையின் நடுவிலும், ஜன்னல் பள்ளத்திலும், சுவர்க் கோட்டிலும் ஒவ்வொன்று. குளியலறைச் சுவர் அந்த அறையைத் தொடுகிறதென்றால் அதன் ஓரத்திலும் ஒன்று.

ஒரு எச்சரிக்கை: இந்தச் சோதனை அன்றைய நிலைமையைத்தான் சொல்லும். சித்திரையில் காய்ந்த தரை ஐப்பசியில் கசியலாம். தரையில் எங்காவது வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய மழைக்காலங்களின் கதை அதில் தெரியும்.

மடிப்பாக்கம்காரன்:

பார்த்தாகிவிட்டது. கரணை அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே சரி. மேட்டைத் தட்டினால் பாதி நீளத்துக்குக் காலிச் சத்தம். ஒரு மூலையில் உளியால் பெயர்த்தேன், அரை இஞ்ச் பூச்சுக்குக் கீழே செங்கல். பாலிதீன் ஒட்டியதில் இரண்டு அறையின் நடுவும் ஜன்னல் பக்கமும் காய்ந்தே இருந்தன. சுவர்க் கோட்டில் மட்டும் ஷீட்டுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர். குளியலறை இந்தப் பக்கம் இல்லை. உப்பும் அந்தக் கோட்டின் இரு ஓரத்தில் மட்டும்தான்.

கரணை:

நல்லதாகப் போயிற்று. வியாதி ஒரே இடத்தில் இருக்கிறது.

அந்த முக்கால் அடிப் பட்டையை முழு நீளத்துக்கும் வெட்டி எடுங்கள். பூச்சும் செங்கலுமாகத் தரை மட்டத்திலிருந்து ஒன்றரை இஞ்ச் கீழே போக வேண்டும். வெட்டுவதற்கு முன் ஒரு விஷயம்: பழைய சுவரில் சுவிட்ச் பாக்ஸ் இருந்ததா? இருந்தால் அதன் பைப் தரைக்குள் ஓடுகிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெயினை அணைத்துவிட்டு வெட்டுவது இன்னும் நல்லது.

உள்ளே தூசி போகக் கழுவி, ஓரங்களில் சிமென்ட் கூழ் தடவி, வாட்டர் ப்ரூஃப் லிக்விட் கலந்த கால் இஞ்ச் ஜல்லி கான்கிரீட்டைப் போட்டு, இரு பக்கத் தரையையும் பிடித்து மட்டக்கட்டையால் இழுத்துவிடுங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்கு. மேடு என்ற பேச்சே இருக்காது.

சைட்_இன்ஜினியர்:

இதோடு நிறுத்த வேண்டாம். லிக்விட் கலந்த கான்கிரீட் ஈரத்தைக் குறைக்கும், முழுக்க நிறுத்தாது. பட்டை காய்ந்த பிறகு, இரு பக்கமும் அரை அடி கூடுதலாக எடுத்துக்கொண்டு, ஈரத்தைத் தடுக்கும் எபாக்சி (பிசின் வகைப் பூச்சு) இரண்டு கை அடியுங்கள். இரண்டாவது கை ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதன் மேல் போடும் காம்பவுண்டு பிடிக்காது.

காய்வதற்கு அவசரப்படாதீர்கள். கான்கிரீட் ஒரு இஞ்சுக்கு ஒரு மாதம் என்பது வழக்கமான கணக்கு. ஒன்றரை இஞ்சுக்கு ஒன்றரை மாதம் விடுங்கள், அப்புறம் பாலிதீனை மறுபடி ஒட்டிப் பாருங்கள்.

மடிப்பாக்கம்காரன்:

சரி. அந்த 6 மி.மீ. வித்தியாசத்துக்கு என்ன செய்வது? சாமான் அறை முழுவதையும் உயர்த்த வேண்டுமா?

மரத்தரை_மதுரை:

வேண்டாம். சுவர்க் கோட்டிலிருந்து சாமான் அறைக்குள் 2 மீட்டர் தூரத்துக்குச் சாய்வாக இறக்கிவிடுங்கள். மீட்டருக்கு 3 மி.மீ. சரிவு கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. சரிவு தொடங்கும் இடத்தில் சட்டத்தை வைத்தாலும் ஒன்றரை மி.மீ. அளவுதான் வரும்.

ஆனால் இதற்குச் செல்ஃப் லெவலிங் கலவை ஆகாது, அது சரிவில் நிற்காமல் ஓடிவிடும். கரணையால் இழுக்கிற கெட்டியான பேட்சிங் காம்பவுண்டு என்று கேட்டு வாங்குங்கள். சிமென்ட் வகைதான் வேண்டும், ஜிப்சம் வகை தரைத்தள ஈரத்துக்கு ஒத்துவராது. கோட்டில் 6 மி.மீ. கனத்தில் ஒரு பட்டை, 2 மீட்டர் தள்ளி பூஜ்யம். இரண்டுக்கும் நடுவே அலுமினியச் சட்டத்தை வைத்து இழுக்க வேண்டும். ஜன்னல் பள்ளத்தையும் இதே காம்பவுண்டால் நிரப்பலாம். 9 மி.மீ.யை ஒரே கையில் போடலாமா என்று மூட்டையில் பாருங்கள், சிலவற்றை இரண்டு கையாகத்தான் போட வேண்டும்.

கணக்கு: சரிவுக்கு 7.3 சதுர மீட்டர், சராசரி 3 மி.மீ., 37 கிலோ. ஜன்னல் பள்ளம் 1.9 சதுர மீட்டர், சராசரி 4 மி.மீ. என்று வைத்தால் 13 கிலோ. ஆக 50 கிலோ. சேதாரத்துக்குச் சேர்த்து மூன்று மூட்டை வாங்குங்கள், பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுப்பார்களா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தரை வழுவழுப்பு என்றீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் நல்லது. முத்தாக நின்றால் மெழுகோ பாலிஷோ இருக்கிறது. காம்பவுண்டு வருகிற இடங்களில் மட்டும் டைமண்ட் கப் வீல் போட்ட கிரைண்டரால் சொரசொரப்பாக்கி, பெருக்கி, வாக்குவம் போட்டு, அந்தக் காம்பவுண்டுக்கு உரிய பிரைமரை அடியுங்கள். கிளம்புகிற தூசி நுரையீரலுக்குக் கெடுதல், கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 மாஸ்க் கட்டாயம். அம்மாவை அன்றைக்கு உறவினர் வீட்டில் விட்டுவிடுங்கள்.

தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். வேலை லேசாக ஓடட்டும் என்று ஆட்கள் கூடுதலாகக் கலப்பார்கள், காய்ந்ததும் மேலே மாவு மாதிரி உதிரும். கலக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

மடிப்பாக்கம்காரன்:

மிக்க நன்றி எல்லோருக்கும். கடைசியாக ஒன்று, கீழே எபாக்சி அடித்த பிறகும் பாலிதீன் விரிக்க வேண்டுமா?

சைட்_இன்ஜினியர்:

வேண்டும், அறை முழுக்க. 0.2 மி.மீ. கனம், ஒன்றின் மேல் ஒன்று 20 செ.மீ. ஏறி நிற்கும்படி விரித்து டேப் ஒட்டுங்கள். சுவர் ஓரத்தில் இரண்டு இஞ்ச் மேலே மடித்து, ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) அடிப்பதற்கு முன் வெட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் ஃபோம். உங்கள் ஃபோமிலேயே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருந்தால் தனியாக வேண்டாம், அந்த இணைப்புகளுக்கு டேப் போட்டால் போதும்.

கரணை:

பாலிதீன் விரிப்பதற்கு முன்னால் சுவரோர வெடிப்புகளில் கரையான் மருந்து அடித்து அடைத்துவிடுங்கள் தம்பி. பலகைக்கு அடியில் வந்தால் வெளியே தெரியாது.

மரத்தரை_மதுரை:

பலகைப் பெட்டிகளை அந்த அறையிலேயே இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டுப் பிரியுங்கள். நாலு சுவரோரமும் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும். கதவையும் பாருங்கள். 8 மி.மீ. பலகை, 2 மி.மீ. ஃபோம், இரண்டும் சேர்ந்து ஒரு செ.மீ. கதவு உள்பக்கம் திறந்தால் கீழே இழைக்க வேண்டிவரும். ஒரு பலகைத் துண்டை ஃபோமோடு வைத்து, கதவைத் திறந்து பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஆசாரியை ஒரே தடவை வரவழைத்தால் போதும்.