ஜென்யாட்டாவின் ஒரே தோல்விக்கு மண் தடம்தான் காரணமா?

கேள்வி

20 ஓட்டங்களில் 19 வெற்றி கண்ட ஜென்யாட்டா என்ற பெண் குதிரை, 2010 நவம்பர் 6 அன்று கென்டக்கியின் சர்ச்சில் டவுன்ஸில் நடந்த பிரீடர்ஸ் கப் கிளாசிக் என்ற குதிரைப் பந்தயத்தில், பிளேம் என்ற ஆண் குதிரையிடம் ஒரு தலையளவில் தோற்றது. அதுவே அதன் கடைசி ஓட்டமும் ஆகும். முந்தைய ஆண்டு இதே பந்தயத்தை, இதே 10 ஃபர்லாங் (ஏறத்தாழ 2 கி.மீ.) தொலைவில், கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டாவில் அது வென்றிருந்தது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் பெண் குதிரையும் அதுதான். இரண்டுக்கும் உள்ள பெரிய வேறுபாடு, சாண்டா அனிட்டாவில் அப்போது செயற்கைத் தடம் இருந்தது, சர்ச்சில் டவுன்ஸில் மண் தடம் இருந்தது என்பதே. தடம் மாறியதால்தான் அது தோற்றது என்று நான் நெடுங்காலமாக நம்பி வருகிறேன். இந்த நம்பிக்கைக்கு அடிப்படை உண்டா என்பதைத் தடங்களின் தன்மை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1

அடிப்படை உண்டு, ஆனால் நீங்கள் கருதும் வகையில் அல்ல. மண் தடத்தில் கால் வைக்கவே தெரியாத குதிரை என்று ஜென்யாட்டாவைச் சொல்ல இயலாது. ஆர்கன்சாவின் ஓக்லான் மண் தடத்தில் நடக்கும் ஆப்பிள் பிளாசம் பந்தயத்தை அது 2008இலும் 2010இலும் வென்றது. அதன் தந்தை ஸ்ட்ரீட் கிரை, 2002இல் துபாய் உலகக் கோப்பையை மண் தடத்தில் வென்றதோடு, அதே ஆண்டில் சர்ச்சில் டவுன்ஸிலேயே ஸ்டீபன் ஃபாஸ்டர் பந்தயத்தையும் வென்ற குதிரை. அந்தத் தந்தைக்குப் பிறந்த ஸ்ட்ரீட் சென்ஸ் 2007இல் கென்டக்கி டெர்பியை வென்றது. ஆஸ்திரேலியப் புல் தடங்களில் தொடர்ந்து 33 பந்தயங்களை வென்ற வின்க்ஸும் அந்த வழியில் வந்ததுதான். எனவே இரத்தத்தில் குறை தேட வேண்டியதில்லை.

பார்க்க வேண்டியது, ஓடும் முறையும் தடமும் எங்கே மோதுகின்றன என்பதை. மண் தடம் என்பது கெட்டியான அடித்தளத்தின் மேல் மணலும் வண்டலும் களிமண்ணும் கலந்து பரப்பிய தளம். அதில் முன்னால் ஓடும் குதிரைகளின் குளம்புகள் வாரி எறியும் மண், பின்னால் வருபவற்றின் முகத்திலும் மார்பிலும் கனமாக அடிக்கிறது. பல குதிரைகள் அந்த அடியில் தலையைத் தூக்கி, பாய்ச்சலைச் சுருக்கிக்கொள்கின்றன. அதனால் தொடக்கத்திலேயே முன்னணியில் இடம் பிடிப்பது மண் தடத்தில் பெரும் பலன் தருகிறது. மெழுகு பூசிய மணலோடு இழைகளைக் கலந்து அமைக்கும் செயற்கைத் தடத்தில் எழும்பும் துகள்கள் இலேசானவை; நீரும் கீழ்நோக்கி வடிந்துவிடுவதால் தளம் பெரும்பாலும் சீராகவே இருக்கிறது. அங்கே புல் தடத்தைப் போலக் கடைசி இரண்டு ஃபர்லாங்குகளில் எழுச்சி காட்டும் குதிரைகளுக்கு வழி திறக்கிறது. கடைசியில் கிடந்து மேலேறி வெல்வதே ஜென்யாட்டாவின் வழக்கம். 2010 ஆப்பிள் பிளாசத்தில் ஓடிய குதிரைகள் மிகச் சில என்பதால் மண்ணடி குறைவு. சர்ச்சில் டவுன்ஸில் 12 குதிரைகள் ஓடின.

மறுமொழி 2

முதல் மறுமொழியின் விளக்கத்தை ஏற்கிறேன். ஆயினும் ஒரு செய்தியைச் சேர்க்காவிட்டால் படம் ஒருபக்கமாகிவிடும். சர்ச்சில் டவுன்ஸின் இறுதி நேர்ப்பாதை 1,234 அடி. சாண்டா அனிட்டாவினுடையது ஏறத்தாழ 900 அடி. பின்னாலிருந்து வரும் குதிரைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பது அரிது. ஆகவே தோல்வியின் வேர் இறுதிப் பகுதியில் இல்லை. ஜென்யாட்டா முதல் முறை பார்வையாளர் அரங்கைக் கடந்தபோதே கூட்டத்திலிருந்து பிரிந்து வெகு தொலைவு பின்தங்கியிருந்தது. அதை ஓட்டிய ஜாக்கி மைக் ஸ்மித், பந்தயத்துக்குப் பின் கண்ணீருடன் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டார். அவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பழக்கம் குறைந்த தளத்தில் தடுமாறும் குதிரையைத் தொடக்கத்திலேயே விரட்டியிருந்தால், இறுதியில் கண்ட அந்த எழுச்சிக்கு வலிமை மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால், மண் தடத்தில் சிறந்த குதிரை செயற்கைத் தடத்தில் தடுமாறிய எதிர்ச்சான்று உண்டா?

மறுமொழி 1

கர்லின் என்ற குதிரையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2007 கிளாசிக்கை மான்மத் பார்க்கில், மழையில் சேறாகிப்போன மண் தடத்தில், அது எளிதாக வென்றது. அடுத்த ஆண்டு சாண்டா அனிட்டாவின் செயற்கைத் தடத்தில், இறுதித் திருப்பத்தில் முன்னிலைக்கு வந்தும் நான்காவதாகவே முடித்தது. அன்று முதலிரண்டு இடங்களைப் பிடித்த ரேவன்ஸ் பாஸும் ஹென்றி தி நேவிகேட்டரும் ஐரோப்பியப் புல் தடங்களில் வளர்ந்தவை. 2009இல் கர்லினின் உரிமையாளர் ஜெஸ் ஜாக்சன், தம் மற்றொரு குதிரையான ரேச்சல் அலெக்சாண்ட்ராவைச் செயற்கைத் தடத்துக்கு அனுப்ப மறுத்ததால், ஜென்யாட்டாவும் அதுவும் களத்தில் சந்திக்காமலேயே போயின. பந்தய ரசிகனாக எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

சிகார் என்ற குதிரையையும் நினைவில் கொள்ளுங்கள். புல்லில் சிறந்து விளங்கிய தந்தையைப் பார்த்துப் புல்லிலேயே ஓடவிட்டார்கள். 11 ஓட்டங்களில் ஒரே வெற்றி. 1994 அக்டோபரில் மண்ணுக்கு மாற்றியதும் தொடர்ந்து 16 பந்தயங்களை வென்றது.

மறுமொழி 3

இவ்வளவு பேசியும் பிளேமைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லாதது எனக்கு உறுத்துகிறது. சர்ச்சில் டவுன்ஸ் மண்ணில் அது 2009இல் கிளார்க் பந்தயத்தையும் 2010இல் ஸ்டீபன் ஃபாஸ்டரையும் வென்றிருந்தது. சாரடோகாவில் நடந்த விட்னி பந்தயத்தில் குவாலிட்டி ரோடு என்ற குதிரையை இதே போல் ஒரு தலையளவில் வென்றது. முன்னணிக்குச் சற்றுப் பின்னால், மண்ணடி குறைந்த இடத்தில் ஓடி, சரியான நேரத்தில் எழுவது அதன் திறமை. கிளாசிக்கிலும் ஜாக்கி கேரட் கோமஸ் அதை அப்படியே ஓட்டினார். ஜென்யாட்டா அருகே வந்தபோது அது தளரவில்லை. அந்தத் தடத்தில், அந்தத் தொலைவில், அன்று அதுவே சிறந்த குதிரை என்பது என் முடிவு.