கௌட்டுக்கு நண்டை நிறுத்தினால் போதுமா, குளிசை வேண்டுமா?

வாவிக்கரைத் தம்பி:
அப்பாவுக்கு 58 வயது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் வாவியில் வலை வீசுகிறவர். மூன்று வருடமாகக் கால் பெருவிரல் மூட்டு வீங்கி வீங்கி வற்றுகிறது. நடுச்சாமத்தில் தொடங்கும். விடியும்போது விரல் செக்கச் செவேலென்று இருக்கும், சாறன் நுனி பட்டாலும் கத்துவார். இரத்தத்தில் யூரிக் அசிட் 9.1 (மி.கி./டெ.லீ.) என்று வந்தது. கௌட், அதாவது யூரிக் அசிட் மூட்டில் உறைந்து வரும் வாதம் என்றார்கள். கிளினிக்கில் அதை இறக்கும் குளிசை அலோபியூரினோல் தந்தார்கள். குடிக்கத் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள் முன்னெப்போதும் இல்லாத வலி. அன்றோடு விட்டுவிட்டார். இப்போது வீட்டில் நண்டு, இறால், பருப்பு, முருங்கைக்கீரை எல்லாம் நிறுத்தியாயிற்று. சாப்பாட்டாலேயே இதை அடக்க முடியாதா?

பரியாரிப் பேரன்:
முடியும் தம்பி. என் அப்பப்பா வாதக்காரருக்கு முதலில் சொல்வது பத்தியம்தான். இதைப் பழங்கதை என்று தள்ள வேண்டாம். 2012இல் 633 கௌட் நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், இரண்டு நாளில் பியூரின் (உடம்பில் யூரிக் அசிட்டாக மாறும் உணவுப் பொருள்) மிகக் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்கு, மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட வலி திரும்பி வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு இருந்தது. கூனியும் நெத்தலிக் கருவாடும் தினம் உள்ளே போனால் விரல் சும்மா இருக்குமா? அந்தக் குளிசையே வலியைக் கிளப்பியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கல்லடி அக்கா:
26 வருடம் வார்டில் நின்றவள் நான். குளிசை தொடங்கியதும் வலி வருவது கெட்ட குளிசை என்பதற்கு அடையாளம் இல்லை தம்பி. மூட்டுக்குள் வருடக்கணக்காக உறைந்து கிடந்த யூரேட் (யூரிக் அசிட்டின் உப்பு) பளிங்குகள், இரத்தத்தில் அளவு இறங்கியதும் கரைந்து உதிர ஆரம்பிக்கும். அந்த நேரம் உடம்பு அவற்றைப் பார்த்துச் சீறுகிறது. அதனால்தான் 100 மில்லிகிராமில் அல்லது அதற்கும் கீழே தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுவார்கள், முதல் மூன்று முதல் ஆறு மாதத்துக்குக் அந்த வலியைத் தடுக்கக் குறைந்த அளவு கொல்ச்சிசின் குளிசையும் சேர்த்துக் கொடுப்பார்கள். அப்பாவுக்கு அந்தக் காவல் குளிசை தந்தார்களா? எத்தனையில் தொடங்கினார்கள்? இதை யாரும் விளக்கிச் சொல்லாததுதான் எனக்குக் கோபம். சொல்லியிருந்தால் அவர் விட்டிருக்க மாட்டார்.

சாப்பாட்டைப் பற்றி: யூரிக் அசிட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம்தான் வெளியே தள்ள வேண்டும். பெரும்பாலான கௌட்காரருக்குக் கோளாறு அங்கேதான், அதுவும் பிறவியிலேயே. 2018இல் 16,760 பேரை ஆராய்ந்தார்கள். ஆளுக்கு ஆள் யூரிக் அசிட் வேறுபடுவதில் உணவு முறையின் பங்கு 0.3 வீதத்தையும் தாண்டவில்லை. மரபணுவின் பங்கு 24 வீதத்துக்குக் கிட்ட. ஒரே சட்டியில் சாப்பிடும் அண்ணனுக்கு வருகிறது, தம்பிக்கு வருவதில்லை. ஏன் என்று யோசியுங்கள்.

பரியாரிப் பேரன்:
அக்கா, அந்த 16,760 பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர், அமெரிக்காவில் இருப்பவர்கள். கல்முனைச் சந்தையில் மீன் வாங்குகிறவர்கள் இல்லை. அதோடு யூரிக் அசிட் அளவு ஒன்று, வலி கிளம்புவது இன்னொன்று. நான் சொன்னது இரண்டாவதை. அமெரிக்க வைத்தியர் கல்லூரியே 2017இல், வலி எப்போதாவது வருகிறவருக்கு நீண்ட காலக் குளிசை தொடங்க வேண்டாம் என்றது. குறிப்பிட்ட எண்ணுக்கு இறக்கியே ஆக வேண்டும் என்பதற்குச் சான்று போதாது என்றும் சொன்னது.

இன்னொன்று. நீங்கள் சொல்லும் கொல்ச்சிசின் நம் வேலியில் படரும் கார்த்திகைப் பூவிலேயே இருக்கிறது. அப்பப்பா அதன் கிழங்கைச் சுத்தி செய்து கொடுத்தவர்.

கல்லடி அக்கா:
கிழங்கை மட்டும் இங்கே எழுத வேண்டாம் தம்பி, கையெடுத்துக் கேட்கிறேன். அதைத் தின்று கொண்டுவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் வாந்தி, வயிற்றோட்டம். ‘இப்போ சரி’ என்று எழுந்து உட்காருவார்கள். பிறகு சிறுநீரகம், இரத்த அணுக்கள் என்று ஒவ்வொன்றாக விழும். முறிவு மருந்து எங்கள் கையில் இல்லை. குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது, கிழங்கில் யார் எழுதியது?

2017 பரிந்துரை வருடத்தில் இரண்டுக்குக் குறைவாக வலி வருகிறவருக்கு. தம்பி, அப்பாவுக்குப் போன வருடம் எத்தனை தரம்?

மருதமுனை நானா:
நானும் சொல்கிறேன். பதினாலு வருடம் பத்தியம் இருந்தவன் நான். பெருநாளில்கூட இறைச்சி தொடவில்லை. வலி வந்தால் கடையில் டைக்குளோபினாக் வாங்கிப் போடுவேன். முழங்கையில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வந்தது. ஒருநாள் தோல் வெடித்துச் சுண்ணாம்பு குழைத்தது போல வெள்ளையாக வழிந்தது, துடைக்கத் துடைக்க வந்தது. அதுதான் யூரேட் என்று பிறகு சொன்னார்கள். வலிக்குளிசை தின்றதில் சிறுநீரகமும் பழுது. இப்போது அலோபியூரினோல் மூன்றாவது வருடம், யூரிக் அசிட் 5.2. கட்டி சுருங்கிவிட்டது. பதினாலு வருடம் போனதுதான் மிச்சம்.

கல்லடி அக்கா:
நானா சொன்ன எண்ணைக் கவனியுங்கள். 6.8க்கு மேலே யூரேட் உறையும், 6க்குக் கீழே கரையும். இங்கிலாந்தில் நொட்டிங்காமில் 517 பேருடன் ஓர் ஆய்வு, 2018இல் வந்தது. தாதியர் உட்கார்ந்து நோயை விளக்கி, இரத்தம் பார்த்துப் பார்த்து மருந்தை ஏற்றினார்கள். இரண்டு வருடத்தில் 95 வீதம் பேர் 6க்குக் கீழே. வழமையான கவனிப்பில் இருந்தவர்களில் 30 வீதம்தான். மருந்து ஒன்றுதான், சொல்லிக் கொடுத்த விதம் வேறு. என் தொழிலுக்கு அதைவிடப் பெருமை இல்லை.

அப்புறம், பருப்பையும் கீரையையும் அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். 47,150 ஆண்களைப் பன்னிரண்டு வருடம் தொடர்ந்த 2004 ஆய்வில் இறைச்சியும் கடலுணவும் ஆபத்தைக் கூட்டின, பியூரின் உள்ள மரக்கறி கூட்டவில்லை. கொழுப்புக் குறைந்த பாலும் தயிரும் குறைத்தன. பியரும் இனிப்புச் சோடாவும்தான் நிற்க வேண்டியவை. வெயிலில் வலை வீசுகிறவர், தண்ணீர்ப் போத்தல் வள்ளத்தில் இருக்கட்டும். பிறஷருக்கு என்ன குளிசை?

வாவிக்கரைத் தம்பி:
போன வருடம் ஐந்து தரம் வந்தது அக்கா. கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். முதல் நாளே 300 என்று எழுதியிருக்கிறது, கொல்ச்சிசின் இல்லை. பிறஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட்.

கல்லடி அக்கா:
அந்தப் பிறஷர் குளிசை யூரிக் அசிட்டை ஏற்றும். லொசார்ட்டன் என்ற வேறு பிறஷர் குளிசை சற்று இறக்கும். நீங்களாக மாற்ற வேண்டாம், டொக்டரிடம் கேளுங்கள். சிறுநீரகத்துக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடி தொடங்கும்போது உடம்பில் தடிப்புக் கண்டால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பரியாரிப் பேரன்:
வருடத்துக்கு ஐந்து என்றால் நான் காட்டிய பரிந்துரை அவருக்குப் பொருந்தாது, அதை ஒத்துக்கொள்கிறேன். கிழங்கைப் பற்றி எழுதியதை அழித்துவிடுகிறேன், யாராவது வாசித்துத் தோண்டிவிடக் கூடாது. ஆனால் கூனியும் கருவாடும் குறையத்தான் வேண்டும், அதில் நான் மாறவில்லை.

வாவிக்கரைத் தம்பி:
செவ்வாய்க்கிழமை கிளினிக். இந்த முறை நானும் உள்ளே போகிறேன். இன்றைக்குப் பருப்பு வைக்கச் சொல்லி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.