குளச்சல், பத்மநாபபுரம்: ஒரே நாளில் பார்க்க எந்த வரிசை நல்லது?

கேள்வி: பாறசாலையிலிருந்து வேனில் 12 பேர், 4 பேர் முதியவர்கள். வழிகாட்டி உண்டு. ஞாயிறா, திங்களா? எதை முதலில் பார்க்கலாம்?

பதில் 1: திங்கள் வேண்டாம், பத்மநாபபுரம் அரண்மனைக்கு அன்று விடுமுறை. இடம் தமிழ்நாட்டில் என்றாலும் பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. அதனால் கேரள விடுமுறைகளையும் பாருங்கள். காலை 9 மணிக்கே நுழையுங்கள். மதியம் 1 முதல் 2 வரை அடைப்பு, 12 மணிக்குப் போனால் பாதியில் நின்றுவிடும். செருப்பைக் கழற்ற வேண்டும். மரப்படிகள் குறுகல், செங்குத்து. முட்டுவலிக்காரர்கள் கீழ்த்தளத்தோடு நிறுத்தட்டும். பூமுகத்து (முகப்பு மண்டபம்) மரச்செதுக்கே போதும், அவ்வளவு அழகு!

பதில் 2: அடுத்து புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டை, பக்கம்தான். 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அவருக்கே படை பயிற்றுவித்தவர். அவர் கல்லறை உள்ளே இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் உண்டு. வழிகாட்டியிடம் வாசிக்கச் சொல்லுங்க. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், வருத்தமான விஷயம்.

பதில் 3: அந்தப் போரின் நினைவான குளச்சல் வெற்றித்தூணை மாலை வெயில் தாழ்ந்ததும் பாருங்க, கடற்கரையில் நிழல் குறைவு. கன்னியாகுமரிப் படகை இதே நாளில் சேர்க்காதீங்க. கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள், வரிசையும் நீளம்.