பெரிய வீட்டுக் குழு: தென்னாப்பிரிக்கா போகலாமா?

பிரபு: செல்வா மாமா, திட்டம் ரெடி. மே லீவில் கிளம்புகிறோம். உங்கள் வீட்டில் இறங்கி, க்ரூகர் காட்டில் ஒரு ராத்திரி, மீதி நாளெல்லாம் கேப் டவுனும் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களும். சரிதானே?

செல்வா மாமா (ஜோகன்னஸ்பர்க்): ஒரு ராத்திரியில் என்னடா பார்ப்பாய்? க்ரூகர் ஏறக்குறைய 19,500 சதுர கிலோமீட்டர். தார் ரோட்டில் 50க்கு மேல் ஓட்டக் கூடாது, மண் ரோட்டில் 40. பார்க்குக்குள் தங்குகிற இடங்களைக் கேம்ப் என்பார்கள். ஸ்குகூஸா கேம்பிலிருந்து லோயர் சாபி கேம்ப் வரை ஆற்றை ஒட்டி ஒரு ரோடு போகும். 45 கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனால் நின்று நின்று பார்த்துப் போனால் அரை நாள் ஓடிவிடும். நான்கு ராத்திரியாவது காட்டுக்குக் கொடு.

ராஜி: நான்கா? கேப் டவுனுக்கு நாள் பத்தாதே தம்பி.

செல்வா மாமா: பத்தும் அக்கா. மாதத்தை மட்டும் மாற்றுங்கள். மே கடைசியில் கேப் டவுனில் மழைக்காலம் ஆரம்பித்துவிடும். காட்டிலோ நேர் எதிர், குளிர்காலத்தில் மழை கிடையாது. இரண்டுக்கும் ஒத்து வருவது செப்டம்பர் கடைசி. காட்டில் புல் காய்ந்து, புதர் மெலிந்து, மிருகமெல்லாம் தண்ணீர் இருக்கிற இடத்துக்கு வந்து நிற்கும். கேப் டவுனில் வசந்தம். ஹெர்மானஸ் பக்கம் கரையில் நின்றே திமிங்கிலம் பார்க்கலாம்.

தேவி: காலாண்டு லீவும் அப்போதுதான் வரும் மாமா!

செல்வா மாமா: அதேதான் தேவி. ஆனால் செப்டம்பர் 24 இங்கே அரசு விடுமுறை, இங்குள்ள பள்ளி லீவும் அதை ஒட்டி வரும். கேம்ப் அறைகளை இப்போதே போட்டால்தான் உண்டு.

பிரபு: அப்படியென்றால் முதலில் கேப் டவுனைப் பார்த்துவிட்டுக் கடைசியில் காடு?

செல்வா மாமா: வேண்டாம், காடுதான் முதலில். கேட் விடிகாலையில் திறக்கும், திறந்த உடனே உள்ளே இருக்க வேண்டும். சிங்கமும் சிறுத்தையும் அசைகிற நேரம் அது. வெயில் ஏறினால் நிழலில் படுத்துவிடும். இந்த ஊர் மணி நம்மூரைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். இங்கே காலை நாலரை என்றால் உங்கள் உடம்புக்கு எட்டு மணி. முதல் நாட்களில் அலாரமே தேவைப்படாது, குட்டிகூடத் தானாக எழுந்துவிடுவான். உடம்பு இந்த ஊர் மணிக்குப் பழகினபின் காட்டுக்குப் போனால், எல்லாரையும் எழுப்பியே நான் ஓய்ந்துவிடுவேன்.

ராஜி: இது நல்ல யோசனை.

தேவி: குட்டிக்கு ஐந்து வயசுதான் மாமா. திறந்த ஜீப்பில் ஏற்றுவார்களா?

செல்வா மாமா: பார்க் நடத்துகிற திறந்த வண்டியில் ஆறு வயசுக்குக் கீழே ஏற்ற மாட்டார்கள். அதனால் நாமே வேன் எடுத்து ஓட்டுவோம். இங்கேயும் இடது பக்கம்தான். வேனில் சீட் உயரம், புல்லுக்கு மேலே பார்வை போகும். அம்மாவுக்கும் அதுதான் வசதி.

பிரபு: பக்கத்திலேயே சாபி சாண்ட் என்று தனியார் காடு இருக்கிறதே? ரோட்டை விட்டு இறங்கி சிறுத்தை பின்னாலேயே போவார்களாமே.

செல்வா மாமா: போவார்கள். வழிகாட்டி கெட்டிக்காரனாக இருப்பான், நானும் ஆசைப்பட்டுப் பார்த்த இடம். ஆனால் அங்கே ஒருவருக்கு ஒரு ராத்திரிக்கு ஆகும் காசில் நம் குடும்பமே பார்க் கேம்பில் தங்கிவிடலாம். சின்னப் பிள்ளைகளைச் சேர்க்காத விடுதிகளும் உண்டு. குட்டி வளர்ந்தபின் அதற்கென்றே ஒரு தடவை வாருங்கள்.

அம்மாச்சி (குரல் பதிவு, மலர் எழுதியது): சாப்பாட்டுக்கு என்னய்யா செய்யிறது? கறி இல்லாம அங்க ஒண்ணும் கிடைக்காதுன்னு சொல்றாங்களே.

செல்வா மாமா: அம்மா, கேம்ப் அறையிலேயே சமைத்துக்கொள்ளலாம். அரிசியும் பருப்பும் குக்கரும் என் வீட்டிலிருந்து வேனில் வந்துவிடும். சமையல் மேடையும் ஃபிரிட்ஜும் பல அறைகளில் வராந்தாவில்தான் இருக்கும். குரங்கு வந்து திறக்கும், பூட்டாமல் விடக் கூடாது.

பாலு: மாப்பிள்ளை, எனக்கு ஒன்று. குடிக்காத வீடு இது. திராட்சைத் தோட்டத்தில் நமக்கு என்ன வேலை?

செல்வா மாமா: அத்தான், ஃபிரான்ஷூக் ஒரு தடவை பாருங்கள். சுற்றிலும் மலை, நடுவில் பள்ளத்தாக்கு, வெள்ளை அடித்த பழைய டச்சு வீடுகள். 1688இல் பிரான்சிலிருந்து மதத்துக்காக ஓடி வந்தவர்கள் குடியேறின ஊர். ஒரு டிராம் தோட்டம் தோட்டமாக நிற்கும், யாரும் வண்டி ஓட்ட வேண்டாம். பிரபு ருசி பார்க்கட்டும், நீங்கள் மர நிழலில் உட்காருங்கள். கொடியில் பழம் மட்டும் இருக்காது, அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். செப்டம்பரில் தளிர்தான்.

பிரபு: பினோடாஜ் ஒயின் உண்டுதானே மாமா?

செல்வா மாமா: அதன் பிறந்த ஊரே ஸ்டெல்லன்போஷ்தான். 1925இல் பினோ நுவார், சின்சோ என்ற இரண்டு திராட்சைகளை இனக்கலப்பு செய்து அங்கே உண்டாக்கின ரகம்.

மலர்: நான் ஒன்று கேட்கலாமா? அந்தத் தோட்டங்களில் கொடி நட்டவர்கள் பெரும்பாலும் அடிமைகள். டச்சுக் கம்பெனி கப்பலில் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் ஆட்களை விலைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். சொந்தப் பெயரைக்கூட விட்டுவைக்கவில்லை, புதுப் பெயர் வைத்து, பின்னால் வாங்கின ஊரை ஒட்டினார்கள். கம்பெனி அடிமைகளை அடைத்து வைத்த 1679ஆம் வருடத்துக் கட்டடம் கேப் டவுன் நடுவில் இன்று மியூசியமாக இருக்கிறது. தோட்டத்துக்குப் போகிறதற்கு முந்தின நாள் அங்கே போக வேண்டும். முதலில் தோட்டத்தைப் பார்த்துவிட்டால் அந்த வீடுகளின் அழகு மட்டும்தான் மனசில் நிற்கும்.

பாலு: சரி மலர். அதற்காகவே நானும் வருகிறேன்.

செல்வா மாமா: ராபன் தீவும் அதே நாளில் வைத்துக்கொள்வோம். மண்டேலா 27 வருடச் சிறையில் 18 வருடம் அங்கேதான். காலைப் படகுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுக்கிறேன். டேபிள் மவுண்டனுக்கு மட்டும் நாள் குறிக்காதீர்கள். காற்று அடித்தால் கேபிள் கார் நின்றுவிடும். எந்தக் காலையில் மலை தெளிவாகத் தெரிகிறதோ, அன்றைக்கு மற்றதை விட்டுவிட்டு ஏறிவிட வேண்டும்.

தேவி: ஊசி, மாத்திரை ஏதாவது?

செல்வா மாமா: க்ரூகரில் மலேரியா உண்டு. மாத்திரைக்குக் குட்டியின் டாக்டரை இப்போதே கேள். சாயங்காலம் எல்லாருக்கும் முழுக்கைச் சட்டை. பிரபு, நைரோபி, அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் எடுத்தால் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் நிற்கிற மாதிரி எடுக்காதே, மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று கேட்பார்கள்.

பிரபு: சரி மாமா. சார்ஜர் பிளக்?

செல்வா மாமா: நம் வீட்டில் ஏசிக்குப் போடும் பெரிய மூன்று முள் பிளக் மாதிரிதான் இங்கே. அதில் மாட்டுகிற அடாப்டர் இரண்டு வாங்கி வா. இன்னொன்று, எல்லாருக்கும்: காண்டாமிருகம் பார்த்தால் எந்த இடத்தில் என்று வெளியே எங்கும் போடாதீர்கள். கொம்புக்காகக் கொல்கிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள்.

ராஜி: நல்லது தம்பி. அம்மா பாஸ்போர்ட்டைப் பார்த்தேன், டிசம்பரில் முடிகிறது.

செல்வா மாமா: அப்படியானால் இந்த வாரமே புதுப்பிக்கக் கொடுத்துவிடுங்கள் அக்கா, விசாவுக்கு அது வேண்டும். நான் இன்று ராத்திரியே ஸ்குகூஸாவுக்கும் லோயர் சாபிக்கும் இரண்டிரண்டு ராத்திரி போட்டுவிடுகிறேன்.