ஏற்றத்தில் கரும்புகை, இழுவைக் குறைவு: டர்போ டீசல் லாரியின் காற்றுப் பாதையை நாமே மேம்படுத்த முடியுமா?

மலைப்பாதை ஓட்டுநர் (கேள்வி)

வணக்கம். என்னுடையது ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் டர்போ டீசல் எஞ்சின் கொண்ட லாரி. இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பகுதி) உண்டு. டீசல் பம்ப் பழைய இயந்திர வகையைச் சேர்ந்தது. கணினிக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. கேபினை முன்பக்கம் சாய்க்கும் அமைப்பு என்பதால், காற்றை இழுக்கும் ஸ்நார்கெல் கேபினின் பின்பக்கத்திலும் ஏர் ஃபில்டர் பெட்டி சேசிஸிலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரு ரப்பர் பெல்லோஸ் (மடிப்புக் குழாய்) இணைக்கிறது.

சில மாதங்களாக முழு லோடில் ஏற்றம் ஏறும்போது கரும்புகை கூடிக்கொண்டே வருகிறது. முன்பு நான்காம் கியரில் ஏறிய இடத்தில் இப்போது மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ஃபில்டரை மாற்றி நான்கு மாதங்களே ஆகின்றன. பெட்டியின் மேலுள்ள அடைப்புக் காட்டியும் இன்னும் சிவப்புக்கு வரவில்லை.

பெட்டியை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய பருத்தியாலான திறந்த கூம்பு ஃபில்டர் ஒன்றை டர்போவுக்கு அருகிலேயே 110 மி.மீ. பி.வி.சி. குழாய் மூலம் பொருத்தலாம் என எண்ணியிருக்கிறேன். இதனால் இழுவை கூடுமா, பி.வி.சி. குழாய் தாங்குமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பழைய ஃபிட்டர்

பெட்டியைக் கழற்றுவதற்கு முன் ஓர் அளவு எடுத்துப் பாருங்கள் ஐயா. டீசல் எஞ்சினின் சக்தியை முடிவு செய்வது பம்ப் கொடுக்கும் டீசலின் அளவுதான். டீசலைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் குதிரைத்திறன் பெரிதாக உயர்ந்துவிடாது. ஆனால் உங்கள் வண்டியில் கரும்புகை வருகிறது என்றால், கொடுக்கப்படும் டீசல் முழுவதும் எரிவதற்கு வேண்டிய காற்று கிடைக்கவில்லை என்று பொருள். எனவே நீங்கள் தேடவேண்டியது புதிய சக்தியை அன்று. எங்கோ தொலைந்துபோன பழைய காற்றை.

காற்று தொலைவதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஸ்நார்கெல் வாயிலிருந்து டர்போ வரை உள்ளது உறிஞ்சும் பகுதி. டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பகிரும் குழாய்) வரை உள்ளது அழுத்தப் பகுதி. முதல் பகுதியில் அடைப்பையும் இரண்டாம் பகுதியில் கசிவையும் தேட வேண்டும்.

அடைப்பை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தெளிவான பிளாஸ்டிக் குழாய் ஒன்றை ஆங்கில ‘யு’ வடிவில் ஒரு பலகையில் பொருத்தி, பாதி அளவுக்கு நிறமேற்றிய நீரை ஊற்றி, ஒரு முனையை ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள குழாயின் சிறு துளையோடு இணையுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். இருபக்க நீர்மட்டத்தின் வேறுபாடுதான் அடைப்பின் அளவு. நீர் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டுவிடாதபடி பலகையின் உயரம் 1 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இணைப்புக் குழாயின் நடுவே ஒரு சிறு காலிக் குப்பியையும் வைத்துவிட்டால் கவலையே இல்லை. கேபினில் ஒருவர் உடனிருந்து அளவைக் குறித்துக்கொள்ளட்டும். ஓட்டுபவர் பார்க்கக் கூடாது.

டர்போ வண்டியில் நின்ற இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து எடுக்கும் அளவு பயன்படாது. லோடு இல்லாதபோது டர்போ முழு வேகத்துக்கு வராது. காற்றோட்டமும் குறைவாகவே இருக்கும். முழு லோடில், ஏற்றத்தில், எஞ்சின் தன் முழுத் திறனில் இழுக்கும்போது எடுப்பதே உண்மையான அளவு. பெரும்பாலான டர்போ டீசல் எஞ்சின்களுக்கு அதிகபட்ச வரம்பு 25 அங்குல நீர், அதாவது ஏறத்தாழ 635 மி.மீ.; உங்கள் எஞ்சின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே கொள்ளுங்கள். இன்னொரு துளையை ஃபில்டருக்கு முன்னால், பெட்டியின் அழுக்குப் பக்கத்தில் இட்டு அங்கும் அளந்தால், அடைப்பு ஃபில்டரிலா அதற்கு முந்தைய பாதையிலா என்பது தெளிவாகிவிடும். துளையிடுவதற்கு முன் ஃபில்டரையும் குழாயையும் கழற்றிவிடுங்கள். ஓர் உலோகச் சீவல்கூட டர்போவின் பக்கம் போகக் கூடாது.

பணிமனைக்காரர்

மேலே நண்பர் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். திறந்த கூம்பு ஃபில்டர் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அதைப் பொருத்தியதால் பாழான எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

டர்போவுக்கு அருகில் வைத்த திறந்த ஃபில்டர் எஞ்சினின் சூட்டைத்தான் உறிஞ்சும். 30 டிகிரி செல்சியஸ் காற்றுக்குப் பதிலாக 60 டிகிரி காற்று உள்ளே போனால், அதே கன அளவில் அடங்கும் காற்றின் எடை ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது. இன்டர்கூலர் அந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யுமே தவிர முழுவதையும் அன்று.

அதைவிடப் பெரிய கவலை தூசி. மண் தூசியிலுள்ள குவார்ட்ஸ் துகள், லைனரின் (சிலிண்டரின் உட்சுவர்) வார்ப்பிரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் இடையில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்களே. அந்தப் படலத்தைவிடச் சற்றே பெரிய, கண்ணுக்குத் தெரியாத துகள்கள்தாம் ரிங்கைத் தேய்க்கின்றன. லாரிகளுக்கான நல்ல காகித ஃபில்டர்கள் ஐ.எஸ்.ஓ. 5011 முறைப்படியான சோதனையில் 99.5 விழுக்காட்டுக்கு மேல் தூசியைப் பிடிக்கின்றன. ஒன்றிரண்டு விழுக்காடு குறைந்தால் என்ன என்று தோன்றலாம். 99.5 விழுக்காடு பிடிக்கும் ஃபில்டர் ஆயிரம் துகளில் ஐந்தை விடுகிறது. 97 விழுக்காடு பிடிப்பது முப்பதை விடுகிறது. உங்கள் எஞ்சின் விழுங்கும் தூசி ஆறு மடங்காகிவிடும்.

பி.வி.சி. குழாய் வேண்டவே வேண்டாம். எஞ்சின் அருகிலுள்ள சூட்டில் அது இளகும். டர்போ உறிஞ்சும்போது உள்வாங்கிச் சப்பையாகும் அல்லது இணைப்பில் விலகும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் கூடாது. பூச்சு உரிந்து, நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய, டர்போவின் கம்ப்ரஸர் சக்கரத்தில் போய் மோதும். உட்புறம் மழமழப்பான அலுமினியக் குழாயும், வளைவுகளில் கம்பிச் சுருள் பதித்த ரப்பர் அல்லது சிலிக்கான் ஹோஸும் பயன்படுத்துங்கள். குழாயின் முனையில் ஹோஸ் நழுவாதபடி ஒரு மேட்டு விளிம்பு இருக்க வேண்டும்.

மலைப்பாதை ஓட்டுநர்

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே பலகை செய்து, உதவியாளரை அமர்த்தி, முழு லோடில் ஏற்றத்தில் மூன்று முறை அளந்தேன். ஃபில்டருக்குப் பின் 690 மி.மீ. நீர், ஃபில்டருக்கு முன்னால், அழுக்குப் பக்கத்தில் 430 மி.மீ. பெட்டியின் அழுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் நுழைத்துப் பார்த்தேன்: வெளியே 34 டிகிரி இருந்தபோது பெட்டிக்குள் 61 டிகிரி காட்டியது. இவ்வளவு அடைப்பு இருந்தும் காட்டி ஏன் சிவப்புக்கு வரவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

பழைய ஃபிட்டர்

உங்கள் எண்களே பதிலைச் சொல்லிவிட்டன. 690இல் ஃபில்டரின் பங்கு 260 மட்டுமே. பாதி ஆயுள் கடந்த ஃபில்டருக்கு அது இயல்பானது. மீதி 430ம் ஃபில்டரைத் தொடுவதற்கு முன்பே இழக்கப்படுகிறது. கூம்பு ஃபில்டர் வாங்கியிருந்தால் குறையில்லாத பொருளைத் தூக்கியெறிந்திருப்பீர்கள்.

690 மி.மீ. என்பது ஏறத்தாழ 6.8 கிலோபாஸ்கல். கடல்மட்டக் கணக்கில், டர்போவின் வாசலில் 101 கிலோபாஸ்கல் இருக்க வேண்டிய இடத்தில் 94தான் கிடைக்கிறது. மேனிஃபோல்டில் அதே அழுத்தத்தைத் தர டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். அதனால் காற்று மேலும் சூடாகும்.

61 டிகிரி என்பதைப் பார்த்தால், கேபினுக்கும் சேசிஸுக்கும் இடையிலுள்ள பெல்லோஸைத்தான் நான் சந்தேகிப்பேன். கேபினை ஒவ்வொரு முறை சாய்த்து இறக்கும்போதும் அது சரியான இடத்தில் அமர வேண்டும். ரப்பர் தளர்ந்துவிட்டால் உறிஞ்சும் விசையில் உள்நோக்கி மடங்கி வழியை அடைக்கும். கிழிந்திருந்தால் எஞ்சினின் சூட்டையும் சக்கரம் கிளப்பும் புழுதியையும் சேர்த்து இழுக்கும். நின்ற வண்டியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே தோன்றும். கையால் அழுத்திப் பாருங்கள். உதடு போன்ற விளிம்பு முழுவதும் படிந்த தடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். காட்டியைப் பொறுத்தவரை, அதன் அடியிலுள்ள சிறு துளை தூசியால் அடைந்திருக்கக்கூடும். கழற்றி வாயால் இழுத்துப் பாருங்கள். சிவப்புக்கு நகரவில்லை என்றால் மாற்றிவிடுங்கள்.

சுரங்க வண்டிப் பராமரிப்பாளர்

ஒரு மாற்றுக் கருத்து. பெல்லோஸை மாற்றுவது சரிதான், ஆனால் அதோடு நிறுத்த வேண்டிய கட்டாயமில்லை. இந்த எஞ்சின் 2,500 சுற்றில், ஒரு பார் பூஸ்டில் (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்), நிமிடத்துக்கு ஏறத்தாழ 12,000 லிட்டர் காற்றை இழுக்கும். அந்தக் காற்று 75 மி.மீ. குழாயில் விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும், 100 மி.மீ. குழாயில் 25 மீட்டர் போதும். அழுத்த இழப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே வளைவுகளில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. ஸ்நார்கெலுக்கும் பெட்டிக்கும் இடையே எங்காவது குறுகலான துண்டு இருந்தால் அதை அகலமாக்குவது நம் கையாலேயே செய்யக்கூடிய நல்ல மேம்பாடு. ஃபில்டருக்கு முந்தைய பகுதி என்பதால் வேலையில் சிறு பிழை நேர்ந்தாலும் எஞ்சினுக்குத் தூசி போகாது. ஃபில்டருக்குப் பிந்தைய பகுதியில் ஊசித்துளை விழுந்தாலும் ஆபத்து. அங்கே கை வைக்காமல் இருப்பதே நல்லது.

ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காகிதத்தில் விழும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் இரண்டாம் பாதுகாப்பு ஃபில்டரை எந்நிலையிலும் சுத்தம் செய்யக் கூடாது. மாற்ற மட்டுமே வேண்டும். பெட்டியின் அடியிலுள்ள, தூசியைத் தானே கொட்டும் ரப்பர் வால்வும் இருக்கிறதா, உதடுகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிக்கப் உரிமையாளர்

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது கணினிக் கட்டுப்பாடுள்ள பெட்ரோல் பிக்கப். அகலமான குழாய் எனக்கும் பொருந்துமா?

பணிமனைக்காரர்

உங்கள் வண்டியில் ஃபில்டருக்குப் பின்னால் காற்றோட்ட சென்சார் இருந்தால், அது அமர்ந்திருக்கும் குழாயின் விட்டத்தை மாற்றவே கூடாது. சூடான கம்பியைக் கடந்து செல்லும் காற்றைக் கொண்டுதான் அது அளவைக் கணிக்கிறது. குழாய் அகலமானால் காற்று மெதுவாகச் செல்லும். உண்மையைவிடக் குறைவான காற்று வருவதாகக் கணினி எண்ணிப் பெட்ரோலைக் குறைத்துவிடும். பருத்தி ஃபில்டரில் அளவுக்கு மீறித் தடவிய எண்ணெயும் அந்தக் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும். ஃபில்டருக்கு முந்தைய பாதையை மட்டும் சீர்செய்யுங்கள். காற்று வாயைச் சூட்டிலிருந்து விலக்கி, மழைநீரும் தேங்கிய நீரும் எட்டாத உயரத்தில் வையுங்கள். நீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

மலைப்பாதை ஓட்டுநர்

செய்து முடித்துவிட்டேன். பெல்லோஸின் கீழ்ப்பக்கத்தில், கேபினைச் சாய்த்தால் மட்டுமே கண்ணில் படும் இடத்தில், ஒரு விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல் இருந்தது; உள் மடிப்பும் கூழாகித் தொங்கியது. அதன் கீழே முன்பு யாரோ பொருத்தியிருந்த 75 மி.மீ. துண்டுக் குழாயும் இருந்தது. பெல்லோஸைப் புதிதாக மாற்றி, அந்தத் துண்டுக்குப் பதிலாக 100 மி.மீ. அலுமினியக் குழாய் போட்டேன். காட்டியின் துளை களிமண்ணால் அடைபட்டிருந்தது, அதையும் மாற்றினேன். ஃபில்டருக்குப் பிந்தைய குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். தூசித் தடம் இல்லை.

அதே ஏற்றத்தில், அதே எடையில் இப்போதைய அளவு: ஃபில்டருக்கு முன் 120, பின் 385 மி.மீ. பெட்டிக்குள் வெப்பம் 39 டிகிரி. இழுவை தெளிவாகத் திரும்பியிருக்கிறது. ஆனால் கரும்புகை முழுவதும் நிற்கவில்லை.

பழைய ஃபிட்டர்

மிக்க மகிழ்ச்சி. மீதிப் புகைக்கு அழுத்தப் பகுதியைப் பாருங்கள். டர்போவிலிருந்து வெளியேறும் ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் டயர் வால்வு பதித்த ஒரு மூடியை கிளாம்ப் போட்டு இறுக்கி, ரெகுலேட்டர் வழியாக ஒரு பாருக்கு மிகாமல் காற்றை ஏற்றுங்கள். மூடி பறந்து தாக்கக்கூடும் என்பதால் அதைச் சங்கிலியால் கட்டிவிட்டு, நேர் எதிரே நிற்காமல், இணைப்புகளில் சோப்பு நீரைத் தெளியுங்கள். எஞ்சினில் திறந்திருக்கும் வால்வுகளின் வழியாகச் சிறிது காற்று இறங்குவது இயல்பு. நுரை கொப்பளிக்கும் இடமே கசிவு.

மலைப்பாதை ஓட்டுநர்

இன்டர்கூலரின் கீழ் ஹோஸில், கிளாம்புக்கு அடியிலேயே வெடிப்பு. ஹோஸை மாற்றி, டி-போல்ட் கிளாம்ப் போட்டதும் முழு மிதியில் மெல்லிய சாம்பல் நிறம் மட்டுமே தெரிகிறது. புதிய ஹோஸை எப்போது மறுபடி இறுக்க வேண்டும்?

பழைய ஃபிட்டர்

முதல் முழு லோடு ஓட்டத்துக்குப் பின் எஞ்சின் நன்றாக ஆறியதும் ஒரு முறை இறுக்குங்கள்; ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அளவெடுக்க இட்ட இரண்டு துளைகளையும் திருகும் சீலிங் வாஷரும் போட்டு அடைத்துவிட்டீர்களா என்பதை இன்றே உறுதி செய்துகொள்ளுங்கள். அவற்றில் ஒன்று ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிறது.