அம்மாயி வீடு குழு: கவினுக்கு முட்டி பேட்

வெள்ளி, இரவு 8:40

அம்மா: எல்லோரும் இதைப் பாருங்கள். கவின் அடுத்த மாதம் செந்திலோடு கோத்தகிரிக்கு சைக்கிள் ஓட்டப் போகிறானாம். தார் ரோட்டில் இல்லை, எஸ்டேட் மண் பாதையில், மேலிருந்து கீழே. இன்றைக்குத்தான் என்னிடம் சொல்கிறான். கழுத்திலிருந்து இடுப்புவரை மூடுகிற கவசம் ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். அதை வாங்கினால்தான் அனுப்புவேன்.

கவின்: அம்மா, அதைப் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் மிதிக்கவே முடியாது. ஹெல்மெட் இருக்கிறது, போதும்.

அம்மா: போதாது.

செந்தில் மாமா: அக்கா, பேட் இல்லாமல் அவனை ஏற்ற மாட்டேன், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் அந்தக் கவசமும் வேண்டாம். நாங்கள் போகிற இடத்தில் சைக்கிளோடு மேலே ஏற்றிவிடுகிற லிஃப்ட் எல்லாம் கிடையாது. ஒரு மணி நேரம் மிதித்து ஏறினால்தான் இருபது நிமிடம் இறங்க முடியும். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் அதைக் கழற்றிவிடுவான். கழற்றினால் திரும்பப் போட மாட்டான்.

செந்தில் மாமா: எனக்கு அப்படித்தான் ஆனது. மூன்று வருடத்துக்கு முன்னால் நல்ல முட்டி பேட் வாங்கியிருந்தேன். ஏற்றத்தில் வியர்வை தாங்காமல் கழற்றிப் பையில் மாட்டிவிட்டேன். அது காலுறை மாதிரி நுழைக்கிற வகை. திரும்பப் போட வேண்டுமென்றால் ஷூவை அவிழ்க்க வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் நண்பர்கள் கிளம்பிவிட்டார்கள், நானும் அப்படியே இறங்கினேன். இரண்டாவது வளைவில் முன் சக்கரம் சரளையில் வழுக்கியது. வலது முட்டியில் 7 தையல்.

அம்மா: அன்றைக்கு பைக்கில் விழுந்ததாக அல்லவா சொன்னாய்?

செந்தில் மாமா: நீங்கள் பயப்படுவீர்கள் என்று அப்படிச் சொன்னேன் அக்கா. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அம்மாயி: தையல் போட்டதை என்னிடமும் சொல்லவில்லை.

மல்லிகா சித்தி: எலும்பு வார்டில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன். சைக்கிளில் விழுந்து எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றித்தான் விழுந்திருப்பார்கள். மணிக்கட்டு போயிருக்கும், இல்லாவிட்டால் காறை எலும்பு. எலும்பு முறியாதவர்களுக்கும் உள்ளங்கைத் தோலுக்குள் சரளை புதைந்திருக்கும். அதை பிரஷ் வைத்துத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். பெரிய பையன்கள்கூடக் கத்திவிடுவார்கள். முதலில் விரல் முழுக்க மூடுகிற கிளவுஸ் வாங்குங்கள்.

அம்மா: காறை எலும்புக்கு? அந்தக் கவசத்தில் தோளுக்கும் பேட் இருக்கிறதே மல்லிகா.

மல்லிகா சித்தி: தோள் நேராகக் கல்லில் மோதினால் தோள் பேட் உதவும் அக்கா. கையை ஊன்றும்போது அடி கை வழியாக ஏறிக் காறை எலும்புக்குப் போகும். அதை எந்த பேடும் நிறுத்தாது. முட்டி திருகி உள்ளே ஜவ்வு கிழிவதும் அப்படித்தான். தம்பி, விழும்போது கையை நீட்டாமல் உருளுவதற்குப் புல்தரையில் வைத்துப் பழக்கிக் கூட்டிப்போ.

செந்தில் மாமா: சரி சின்னக்கா. அடுத்த ஞாயிறு மைதானத்தில் செய்கிறோம்.

அப்பா: என் பைக் ஜாக்கெட் அலமாரியில் சும்மாதானே இருக்கிறது? முழங்கையிலும் தோளிலும் பேட் இருக்கிறது. பைக் ஹெல்மெட்டும் இருக்கிறது, ஐ.எஸ்.ஐ முத்திரையோடு.

செந்தில் மாமா: மச்சான், ஜாக்கெட்டைப் போட்டு மிதித்தால் அரைமணி நேரத்தில் மயக்கம் வந்துவிடும். ஹெல்மெட்டும் அதே கதைதான். ஐ.எஸ்.ஐ 4151 மோட்டார் சைக்கிளுக்கானது. கனம் அதிகம், காற்று போகாது, பின்னால் வருகிறவன் கத்தினாலும் சரியாகக் கேட்காது. சைக்கிள் ஹெல்மெட்டுக்கு உள்ளே இ.என் 1078 என்று ஐரோப்பியத் தர எண் போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் அந்த ஜாக்கெட்டைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். அதில் ஒரு பாடம் இருக்கிறது. முழங்கைப் பக்கம் உள்ளே ஒரு ஜிப் இருக்கும், பேடை வெளியே எடுத்து அதில் எழுதியிருப்பதைப் படமெடுத்துப் போடுங்கள்.

அப்பா: 📷

அப்பா: கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. பைக் ஓட்டுகிற ஆள் படம் ஒன்று இருக்கிறது.

நிலா: பெரியப்பா, நான் பெரிதாக்கிப் படிக்கிறேன். இ.என் 1621-1:2012 என்று இருக்கிறது. கீழே ‘இ’ என்ற ஆங்கில எழுத்து, எல்போ. அப்புறம் லெவல் 1, டைப் ஏ.

செந்தில் மாமா: அதேதான். மலை சைக்கிள் பேடுகளும் பெரும்பாலும் இதே மோட்டார் சைக்கிள் தரத்தில்தான் சோதிக்கப்படுகின்றன. முட்டி பேடில் ‘கே’ என்று இருக்கும். டைப் ஏ என்றால் பேட் மூடும் பரப்பு சின்னது, பி என்றால் பெரியது. முதுகுக்குத் தனி எண், 1621-2. நெஞ்சுக்கு 1621-3. மச்சான், முதுகுப் பக்கமும் கையை விட்டுப் பாருங்கள்.

அப்பா: இருக்கிறது. வெறும் ஸ்பாஞ்ச். எதுவும் எழுதவில்லை.

செந்தில் மாமா: நினைத்தேன். நிறைய ஜாக்கெட்டில் முதுகில் இடத்தை நிரப்ப ஒரு ஸ்பாஞ்ச் வைத்து விற்கிறார்கள். அக்கா, நீங்கள் பார்த்த கவசத்தின் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். எந்த எண்ணும் இல்லை. ‘ராணுவத் தரம்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

நிலா: லெவல் 1, 2 என்றால் என்ன என்று நானே சொல்கிறேன் மாமா, இது எங்கள் பாடம் மாதிரியே இருக்கிறது. 5 கிலோ எடையை 50 ஜூல் ஆற்றலோடு பேட் மேல் போடுவார்கள். அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து. பேடுக்கு அடியில் எவ்வளவு விசை வந்து சேருகிறது என்று அளப்பார்கள். சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1. 20-க்குள் இருந்தால் லெவல் 2. எண் குறைய குறைய நல்லது.

அம்மா: அப்படியானால் லெவல் 2 தான்.

செந்தில் மாமா: அவன் கழற்றாமல் போட்டிருப்பான் என்றால் நானும் அதையே சொல்வேன். லெவல் 2 பெரும்பாலும் தடிமனாக இருக்கும், வெக்கை கூடும். நாளை பேசலாம் அக்கா, தூங்குங்கள்.

சனி, காலை 7:15

கவின்: மாமா, ஒரு கடையில் முட்டி, முழங்கை, மணிக்கட்டு மூன்றும் சேர்த்து 1,200 ரூபாய். இ.என் எண்ணும் இருக்கிறது, 14120.

செந்தில் மாமா: அது ஸ்கேட்டிங் போடுகிறவர்களுக்கான தரம், கண்ணு. தட்டையான தரையில் விழுவதற்குச் செய்தது. முன்னால் பிளாஸ்டிக் ஓடு, பின்னால் இரண்டு பட்டை. பத்து நிமிடம் மிதித்தால் கணுக்காலுக்கு இறங்கிவிடும். மணிக்கட்டு பேடில் இருக்கும் கட்டை, ஹேண்டில் பாரைச் சரியாகப் பிடிக்க விடாது. பிரேக் பிடிக்க முடியாத கை எனக்கு வேண்டாம்.

கவின்: அப்படியானால் ஓடு இல்லாத மென்மையான பேடா? அமுக்கினால் ரப்பர் மாதிரி இருக்கிறது. அது எப்படித் தாங்கும்?

நிலா: பெரியம்மா, சமையலறையில் கார்ன் ஃப்ளார் இருக்கிறதா? இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் தண்ணீர். கரைத்துவிட்டு முதலில் விரலை மெதுவாக விடுங்கள். அப்புறம் முஷ்டியால் குத்துங்கள்.

அம்மா: இட்லி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். இரு.

அம்மா: செய்தேன். மெதுவாக விட்டால் விரல் மாவுக்குள் இறங்குகிறது. குத்தினால் கல் மாதிரி நிற்கிறது, ஒரு துளி தெறிக்கவில்லை. கவினும் அப்பாவும் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நிலா: டி3ஓ என்று ஆரஞ்சு நிறத்தில் வருகிற பேட் ஏறக்குறைய இந்தக் குணம்தான். மெல்ல மடக்கினால் வளையும், வேகமாக அடித்தால் அந்தக் கணம் இறுகி அடியைப் பரப்பிவிடும். அதனால் முட்டியோடு சேர்ந்து மடங்கும், மிதிக்கத் தொந்தரவு இருக்காது.

செந்தில் மாமா: இந்த வகையில் பலவற்றுக்குக் குளிரில் விறைப்பும் வெயிலில் இளக்கமும் வரும். அதனால் சில பேடில் டி+, டி- என்று குறி இருக்கும். டி+ என்றால் 40 டிகிரியிலும் சோதித்துத் தேறியது. கீழே மேட்டுப்பாளையம் வெயிலில் பழகப் போகிறவனுக்கு அந்தக் குறி இருந்தால் நல்லது. ஓடு வைத்த பேடும் தப்பில்லை அக்கா. கூரான பாறை இருக்கும் இடத்தில் ஓடு வழுக்கிக்கொண்டு போகும், தோல் பிய்யாது. ஆனால் இவன் முதல் வருடம் போகப் போவது மண்ணும் சரளையும் வேரும்தான்.

அம்மாயி: தேயிலைக்குள் விழுந்தால்?

செந்தில் மாமா: அம்மா கேட்டது ரொம்ப முக்கியம். கவாத்து எடுத்த காட்டில் தண்டெல்லாம் சாய்த்து வெட்டி, ஈட்டி மாதிரி நிற்கும். பாதையை விட்டுச் சரிந்தால் கணைக்காலிலும் முழங்கையிலும்தான் குத்தும். அதனால் முழங்கை பேடும் வேண்டும், முழு நீளக் கால்சட்டையும் வேண்டும். கவாத்து நடக்கிற பக்கம் நான் கூட்டிப்போக மாட்டேன், எஸ்டேட்டில் கேட்டுக்கொண்டுதான் போவோம். காட்டெருமை நிற்கும் நேரமும் அவர்களுக்குத்தான் தெரியும்.

நிலா: கவின், உன் ஹெல்மெட் போன வருடம் வாய்க்கால் மேட்டில் விழுந்தாயே, அன்றைக்குப் போட்டிருந்ததுதானே?

கவின்: ஆமாம். வெளியே ஒரு கீறல்தான்.

செந்தில் மாமா: உள்ளே இருக்கும் துணியைப் பிரித்து, வெள்ளைத் தெர்மாகோலை வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு.

கவின்: 📷

செந்தில் மாமா: இடது காதுக்கு மேலே பார். மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடுகிறது. அந்தத் தெர்மாகோல் நசுங்கித்தான் அடியை வாங்கும். ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்கு வராது. அன்றைக்கு உன் தலைக்கு வந்ததை அது வாங்கிக்கொண்டது. இனி அதைப் போடக் கூடாது.

அம்மா: ஒரு வருடமாக இதைப் போட்டுக்கொண்டா ஓட்டினான்? கை நடுங்குகிறது தம்பி.

அப்பா: நான்தான் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லித் துடைத்துக் கொடுத்தேன். புது ஹெல்மெட் என் பொறுப்பு. தாடையையும் மூடுகிற வகை வேண்டுமா மாப்பிள்ளை?

செந்தில் மாமா: டவுன்ஹில் பந்தயத்தில் அது கட்டாயம் மச்சான், சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ-யின் விதியே அப்படி. இவன் தாவிக் குதிக்கிற தடத்துக்குப் போகும்போது வாங்கலாம். இப்போதைக்குப் பின்மண்டை கீழ்வரை மூடுகிற மலை சைக்கிள் ஹெல்மெட். மிப்ஸ் இருந்தால் நல்லது. தலை சாய்வாக மோதும்போது உள்ளே ஒரு மெல்லிய அடுக்கு சற்று நகர்ந்து கொடுக்கும்.

அம்மாயி: பேடுக்கு நான் 5,000 தருகிறேன். பேரன் பத்திரமாக வந்தால் போதும்.

சனி, மாலை 6:30

செந்தில் மாமா: அக்கா, இஞ்ச் டேப் எடுத்துக்கொள்ளுங்கள். அவனை நிற்க வையுங்கள். முட்டிச் சிப்பியின் நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே தொடைச் சுற்று, அதே அளவு கீழே கெண்டைச் சுற்று. எந்தக் கம்பெனி வாங்குகிறோமோ அதன் அட்டவணையில் எத்தனை சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறதோ, அங்கேதான் அளக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். எம், எல் என்பதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

அம்மா: தொடை 46, கெண்டை 34. இரண்டு காலிலும் அளந்தேன், வலது அரை சென்டிமீட்டர் கூட.

செந்தில் மாமா: எம்முக்கும் எல்லுக்கும் நடுவில் வருகிறான். பேட் பழகப் பழகத் தளரும், அதனால் எம் முதலில் போட்டுப் பார்க்கலாம். நேரில் போய் வாங்குவோம். கவின், உன் சைக்கிளையும் கொண்டுவா.

மறு வாரம் ஞாயிறு, மதியம் 1:10

கவின்: அம்மா, மாமா கடை வாசலில் என்னைப் பத்து நிமிடம் மிதிக்க வைத்தார். நின்றபடி பார்த்தால் மூன்று பேடும் நன்றாகத்தான் இருந்தன. முதலாவது மிதித்ததும் மூன்று விரல் இறங்கிவிட்டது. இரண்டாவது முட்டிக்குப் பின்னால் மடிப்பில் கிள்ளியது, சிவந்துவிட்டது. மூன்றாவதை மாமா மேல் விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. முட்டியை மடக்கும்போதும் சிப்பி மேலேயே நிற்கிறது.

அம்மா: எந்த லெவல்?

செந்தில் மாமா: லெவல் 1 அக்கா. லெவல் 2-வையும் போட்டுப் பார்த்தான், அதுதான் கிள்ளியது. இது பக்கவாட்டில் திறக்கும் வகை, ஷூவைக் கழற்றாமல் மாட்டலாம். தொடையில் ரத்த ஓட்டம் தடைபடவில்லையா என்று கால்மணி நேரம் உட்கார வைத்தும் பார்த்துவிட்டேன். முழங்கைக்கு மெல்லிய பேட், முழு விரல் கிளவுஸ். முதுகுக் கவசம் இந்த வருடம் வேண்டாம். தாவுகிற தடத்துக்குப் போகும் நாளில் ஹெல்மெட்டோடு சேர்த்து வாங்குவோம்.

அம்மா: என் மனசுக்கு முதுகும் மூடினால்தான் நிம்மதி. ஆனால் நீ சொல்வதைக் கேட்கிறேன். ஏற்றத்திலும் கழற்றக் கூடாது, கவின். மாமாவின் முட்டியை நினைத்துக்கொள்.

கவின்: கழற்ற மாட்டேன் அம்மா. சத்தியம்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5:50

செந்தில் மாமா: கோத்தகிரியிலிருந்து இறங்கிவிட்டோம். இருவரும் நலம். கவின் ஒருமுறை விழுந்தான், ஈரமான வேரில் பின் சக்கரம் வழுக்கியது. கையை நீட்டவில்லை சின்னக்கா, தோளைச் சுருட்டி உருண்டான்.

மல்லிகா சித்தி: அப்பாடா. கழுத்து, மணிக்கட்டு வலி இருக்கிறதா என்று ராத்திரியும் கேள். முட்டி வீங்கினால் உடனே படம் அனுப்பு.

கவின்: 📷

கவின்: முட்டியில் ஒன்றும் இல்லை சித்தி, லேசாகச் சிவந்திருக்கிறது. பேட் துணிதான் கிழிந்துவிட்டது. ஏற்றம் முழுக்கப் போட்டிருந்தேன் அம்மா.

அம்மா: பார்த்தேன் சாமி. இரண்டு விரல் அகலம் கிழிந்திருக்கிறது. கறுப்பு நூல் இருக்கிறது, தைத்துவிடலாம். உள்ளே இருக்கும் பேடை உருவி, வெடிப்பு இருக்கிறதா என்று மாமாவிடம் காட்டிவிட்டு உறையை மட்டும் என்னிடம் தா. கையால் அலசி நிழலில் போடுகிறேன், வெயிலில் வேண்டாம்.