ஊனோவில் ஜிபிஎஸ் மாட்டினால் புரோகிராம் ஏறவில்லை

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறிய புரோகிராம் போர்டில் ஜிபிஎஸ் மாட்யூலை 0, 1 பின்களில் இணைத்திருக்கிறேன், கழற்றிவிட்டால் புரோகிராம் ஒழுங்காக ஏறுகிறது, மாட்டியபடியே ஏற்றினால் ஒவ்வொரு முறையும் பிழை. போர்டு போய்விட்டதா?

பதில் 1: போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. யூஎஸ்பி சிப்பும் அதே 0, 1 பின்களில்தான் மெயின் சிப்போடு பேசுகிறது, அதுவும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக. அதனால் நேரடியாக மாட்டிய ஜிபிஎஸ்ஸின் சிக்னல் ஜெயித்துவிடும், கம்ப்யூட்டர் அனுப்புவது போய்ச் சேராது. ஜிபிஎஸ்ஸின் டிஎக்ஸ் (டேட்டா அனுப்பும்) வயரை 4-ஆம் பின்னுக்கு மாற்றி, வேறு பின்களிலும் சீரியலாகப் பேச வைக்கும் சாஃப்ட்வேர்சீரியல் லைப்ரரியைப் போடுங்கள், நொடிக்கு 9600 பிட் வேகத்துக்கு அது தாராளம்.

பதில் 2: மெகா 2560 (இன்னும் பெரிய ஆர்டுயினோ போர்டு) கையில் இருந்தால் 18, 19 பின்களில் சீரியல்1 என்ற இன்னொரு சீரியல் போர்ட் தனியாகவே உண்டு. எனக்கு அதுதான் நிம்மதி.

கேட்டவர்: 4-க்கு மாற்றினேன், உடனே ஏறிவிட்டது. ரொம்ப நன்றி அண்ணா!